இடதுக்குக் கோடு, வலதுக்குச் சுழி

ஜனவரி 9

தம்பிக்கு அக்கா எழுதிக்கிறது.

இங்க நானும் உன் மச்சானும் மூச்சு விட்டுக்கிட்டிருக்கோம். அதுக்கு மேல சேதி ஒண்ணும் இல்ல. நீ எப்படி இருக்கேன்னு கேக்கணும், கேட்டுட்டேன்.

கேக்க வந்தது ஒரே ஒரு விஷயம். ஆனா எனக்கு எதையும் நேரா சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியும். "இவகிட்ட மணி கேட்டா கடிகாரம் வாங்கின கதையிலருந்து ஆரம்பிப்பா"ன்னு உன் மச்சான் சொல்லுவாரு, பேச்சு இருந்த காலத்துல. அதனால நின்னுக்கிட்டு படிக்காதே, உக்காந்து படி.

நம்ம கோழிப்பண்ணையில, குஞ்சு பொரிக்கிற கூடத்துக்குப் புதுசா ஒரு மேஸ்திரி வந்திருக்காரு. கண்ணாடி ரெண்டும் பாட்டில் அடிப்பாகம் மாதிரி இருக்கும், அதனால சோடாபுட்டின்னு பேரு வச்சாச்சு. முட்டைக்கு ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் சுழி போட்டு வைப்போம் இல்லியா, எது திருப்பினது எது திருப்பாததுன்னு தெரிய. அதை ஏன் பென்சில்ல போடுறே, பேனாவுல போட்டா பளிச்சுன்னு தெரியுமேன்னாரு. ஐயா, ஓடு மூச்சு விடும், மை உள்ள இறங்கிடும்னேன். கேக்கல. ஒரு தட்டு முழுக்க அவரே பேனாவால போட்டாரு. முப்பதுல மூணுதான் பொரிஞ்சது. பேனாவா, அவர் கைராசியான்னு இன்னும் தெரியல.

திருப்பலேன்னா குஞ்சு ஒரு பக்கமா ஓட்டோட ஒட்டிக்கும், செத்துரும். உன் மச்சான் பக்கவாதம் வந்து விழுந்தப்ப டாக்டர் அதையேதான் சொன்னாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடும்மா, இல்லேன்னா முதுகு புண்ணாயிரும்னாரு. கூடம் எதிர்ல இருக்கப்போய் நான் ஓடி வந்து திருப்பிட்டு ஓடிப்போறேன். எந்தப் பக்கம் திருப்பினோம்னு மறந்துபோகும். அதனால கட்டிலுக்குப் பக்கத்துச் சுவத்துல, இடதுக்குக் கோடு, வலதுக்குச் சுழி. நாலு வருஷமாச்சு. ஜன்னல் வரைக்கும் வந்துட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன அக்டோபர்ல நீ வந்தப்ப ஒரு கடுதாசி குடுத்தேனே, நம்ம வாயாடிக்கு, என் பொண்ணுக்கு. என் ஆயுசுல நான் எழுதின முதல் கடுதாசி. திருப்புறதுக்கு நடுவுல நடுவுல எழுதி, பதினோரு நாள் ஆச்சு. அவ வீடு உனக்குத்தான் தெரியும், நான் சேத்துடறேன்னு வாங்கிட்டுப் போனே. தொண்ணூறு நாள் தாண்டிருச்சு. கம்பத்தோடவும் பேசுற பொண்ணுகிட்டருந்து ஒரு வரி இல்ல.

அவளை வாசல்ல நிக்கவச்சு நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும். "என்னை மட்டும் இந்தக் கட்டிலோட கட்டிப் போட்டுட்டு ஒரு மெக்கானிக் பின்னாடி போறியா, போ, திரும்பி வராதே"ன்னேன். வாய்க்கு எலும்பு இல்லையே. ரெண்டு வருஷமா அந்த வார்த்தை இந்த வாசல்லயே உக்காந்திருக்கு, தாண்டித்தான் வேலைக்குப் போறேன்.

மார்ச்சுல பிரசவம்னு நீதான் சொன்னே. கடுதாசி சேந்துதா, சேரலையா? அதை மட்டும் ஒரு வரியில எழுது.

அக்கா

*

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஊரிலிருந்து திரும்பிய பத்தாம் நாளே நானே தபாலில் சேர்த்தேன். முகவரி சரியாகத்தான் எழுதினேன். பதில் எழுதாதது அவள் பிடிவாதம். அம்மாவும் பெண்ணும் ஒரே அச்சு. காலம் ஆறவைக்கும்.

நான் உன்னை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், அதற்குக் காரணமும் இருக்கிறது. என் வேலை என்னவென்று உனக்குச் சரியாக நான் சொன்னதே இல்லை. "உன் தம்பி சுவத்துல கிறுக்குறான், அதையும் நாலு பேர் நின்னு பாக்குறாங்க" என்று மச்சான் சொன்னதோடு சரி. அது பொய்யில்லை. மனிதர்களின் கையெழுத்தை எடுத்து அதையே படமாக்குகிறேன். டாக்டர் சீட்டு, குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு எழுதிய புகார், கதவில் செருகிவிட்டுப் போன துண்டுத்தாள். எழுதியவன் அச்சு அசலாக எழுதியது போல முதலில் பயிற்சித் தாளில் எழுதிப் பழகுவேன். கை பிடிபட்டதும் சுவர் அளவுக்குப் பெரிதாக்குவேன்.

இதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். நேராக வைத்தால் கண் படிக்க ஆரம்பித்துவிடும். படித்தால் கோடு கெட்டுவிடும்.

இந்த முறை பன்னிரண்டு அடி அகலத்தில் ஒன்று செய்து முடித்திருக்கிறேன். ஒரு பெரிய அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஆட்கள் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். இத்தனை வருஷத்தில் என் கை இப்படி ஒன்றைச் செய்ததில்லை. பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி வைத்திருக்கிறேன், பார்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஜனவரி 26

தம்பிக்கு,

நீ அனுப்பின படம் வந்தது. எழுத்து பொடிசா இருந்துச்சு. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஊசி கோக்க ஒரு பூதக்கண்ணாடி வச்சிருக்கா. அதை வாங்கிப் பாத்தேன்.

உனக்கு ஒரு கதை சொல்றேன். கோபமா இருக்கும்போது கதை சொன்னா எனக்குக் கை நடுங்காது. ஒரு தடவை, சோடாபுட்டிக்கு முன்னாடி இருந்த மேஸ்திரி காலத்துல, சுண்ணாம்பு முட்டை ஒரு தட்டு வந்து அடை வைக்கிற பெட்டிக்குள்ள கலந்துபோச்சு. கோழியை ஏமாத்தி முட்டை போடவைக்க அடியில வைப்பாங்களே, அந்தப் பொய் முட்டை. எனக்குத் தெரியாது. அதுக்கும் கோடு போட்டேன், சுழி போட்டேன். இருபத்தோரு நாள், ஒரு நாளைக்கு மூணு தடவை, பதமா திருப்பினேன். இருபத்தோராம் நாள் காதை வச்சுக் கேட்டேன், உள்ள கொத்துற சத்தம் வருதான்னு. இருபத்திரண்டாம் நாளும் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. கனம் தெரியலையா உனக்குன்னாங்க. நம்பித் திருப்புறவளுக்குக் கனம் தெரியாது தம்பி.

அந்தப் படத்துல இருக்கறது என் கை.

மறைக்காதே. என் எழுத்தை எனக்குத் தெரியாதா? அப்ப வரைக்கும் நான் எழுதினதே வாழ்க்கையில ஒரு தாள்தான். அந்தத் தாளை நடுவுல ஒட்டி வச்சிருக்கே. சுத்தி என் கையால, நான் எழுதாததை, சுவரு கொள்ளாம எழுதியிருக்கே. என்ன எழுதியிருக்கேன்னு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சேன். வராதே. வராதே. வராதே. வேற வார்த்தை இல்ல.

தாள் உன்கிட்ட இருக்குன்னா, என் பொண்ணுக்கு நீ எதைத் தபால்ல போட்டே?

இன்னொண்ணு. என் கடுதாசியை எத்தனை நாள் முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே? ஒரு தடவையாவது படிச்சியா?

*

பிப்ரவரி 4

அக்கா,

படிக்கவில்லை.

பத்து நாள் அதைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லா இடத்திலும் பென்சில் மெதுவாகப் போயிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தம். அந்தக் கோடு எனக்குப் பிடித்தது. அதைத்தான் எடுத்தேன். அது "வராதே" என்பது சுவரில் மாட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். தெரிந்தபோது, நல்ல வார்த்தை, ஆட்கள் நிற்பார்கள் என்றுதான் நினைத்தேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்ததும், அவளுக்கு எது போனது என்று தெரிந்துகொள்ள மேஜையைக் கவிழ்த்துத் தேடினேன். உன்னைப் போல எழுதிப் பழக, நீ எழுதிய அதே நோட்டிலிருந்தே பின்பக்கத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தேன். அதே கோடு போட்ட தாள், அதே மாதிரி மழுங்கின பென்சில். அப்படி இருந்தால்தான் கை வரும். உன் தாளும் என் பயிற்சித் தாளும் ஒன்றாகத்தான் கிடந்தன. உன் தாளை நான் அனுப்ப நினைத்தேன் என்றும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் தபால் எடுக்க வருகிற நேரம், மேலே கிடந்ததை மடித்து உறையில் போட்டேன். மறுநாள் மேஜையில் உன் தாளைப் பார்த்தேன். பார்த்தபோது பயமில்லை அக்கா, சந்தோஷமாக இருந்தது. நகலைத்தானே அனுப்பியிருக்கிறோம், எழுத்து ஒன்றுதானே, அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன். நகலில் முழுக் கடிதமும் இருக்கிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

இல்லை. பயிற்சித் தாளில் நான் அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதிப் பழகினேன். மேலிருந்து கீழே, நாற்பது தடவை.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டு. வீட்டுக்கார அம்மாள்தான் சொன்னாள்:

"அந்தப் பொண்ணா? ஒரு கடுதாசி வந்துச்சுப்பா. எங்கம்மா எழுத்து, எங்கம்மா எழுதியிருக்காங்கன்னு மாடிப்படியில குதிச்சுக்கிட்டு ஏறிச்சு. வயித்துப் புள்ளக்காரி, மெதுவாப் போன்னு நான்கூடச் சத்தம் போட்டேன். அப்புறம் ரெண்டு நாள் கதவே தொறக்கல. மாசம் முடிஞ்சதும் காலி பண்ணிட்டாங்க. எங்கன்னு சொல்லல."

அக்கா, நீ என்னைத் திட்டி எழுது. அதோடு அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை எழுதி அனுப்பு. எப்படியாவது தேடிப்பிடித்துக் கொடுக்கிறேன்.

*

பிப்ரவரி 11

தம்பி,

நான் அந்த வார்த்தையை ஒரு தடவைதான் சொன்னேன். அதுக்கே ரெண்டு வருஷம் சோறு இறங்கல. நீ நாப்பது தடவை சொல்ல வச்சுட்டே. அதுவும் குதிச்சுக்கிட்டு மாடி ஏறின பொண்ணுகிட்ட.

திட்டச் சொல்றே. திட்டினா உனக்கு மனசு ஆறிடும். ஆற வேண்டாம்.

இன்னொரு தடவை எழுதி அனுப்புன்னு சுலபமா சொல்லிட்டே. என் கையெழுத்து எங்கருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? நான் பள்ளிக்கூடம் பாத்தது மழைக்கு ஒதுங்கினப்பதான். வாயாடி மூணாவது படிக்கும்போது டீச்சர் விளையாட்டு விளையாடுவா. பொம்மைக்குப் பாடம் நடத்திச் சலிச்சுப்போய் என்னைப் பிடிச்சு எதிர்ல உக்காரவச்சா. நடுவுல சிலேட்டு. அவ பக்கத்துலருந்து அவ எழுதுவா, நான் இந்தப் பக்கத்துலருந்து பாப்பேன். அவ மேல ஆரம்பிச்சது எனக்குக் கீழ ஆரம்பிச்ச மாதிரி தெரியும். எழுதி முடிச்சு சிலேட்டைத் திருப்பிக் காட்டுவா. நான் அதே மாதிரி எழுதுவேன், ஆனா கீழருந்து மேல, கடைசியிலருந்து முதலுக்கு. அவ விழுந்து விழுந்து சிரிப்பா. "அம்மா, நீ தலைகீழா எழுதுறே, எழுத்து மட்டும் எப்படி நேரா வருது?" அடிச்சுத் திருத்தப் பாத்தா. டீச்சர்னா அடிப்பாங்களாம். குச்சியால கை முட்டியில ஒரு தட்டு தட்டுவா, அப்புறம் அவளே ஊதிவிடுவா. நான் திருந்தவே இல்ல. அப்படியே பழகிப்போச்சு.

அவ குடுத்த எழுத்துல அவளுக்கு எழுதினேன். அதை நீ எடுத்துக்கிட்டே.

இப்ப நான் புதுசா எழுதினா என்ன ஆகும், யோசி. நாப்பது வராதேக்கு அப்புறம் ஒரு வா வந்தா, அவ என்ன நினைப்பா? அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைப்பா. இல்ல, யாரோ சொல்லி எழுதவச்சாங்கன்னு நினைப்பா. நான் முதல்ல எழுதினதுதான் வேணும். அதுல தேதி போட்டிருக்கேன். உன் தாளுக்கு முன்னாடி எழுதினதுன்னு தெரியணும்.

நானே கிளம்பி வரலாம்னா ரெண்டு நாள் பயணம். போக ரெண்டு, வர ரெண்டு, தேட எத்தனை நாளோ. உன் மச்சானை யார் திருப்புவா? தையல்காரி அரை நாள் பாப்பா, அதுக்கு மேல அவ இடுப்பு தாங்காது. எதிர்ல இருக்கிற கூடம் வரைக்கும் நூல் விட்ட காத்தாடி மாதிரிதான் தம்பி நான். கயிறு கட்டில்ல இருக்கு.

அவளைத் தேடு. ஒட்டினதைப் பிச்சு எடு. குடு.

*

பிப்ரவரி 20

அக்கா,

வரிசையாக எழுதுகிறேன். எதையும் விடவில்லை.

பதினாலாம் தேதி அந்த அலுவலகத்துக்குப் போனேன். நடுவில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். மேலாளர் நல்ல மனிதர், உட்காரவைத்துப் பேசினார்.

"சார், அதுதான் படத்தோட உயிரேன்னு நீங்கதான திறப்பு விழாவுல பேசினீங்க?"

"பேசினேன். அது என் அக்கா அவங்க பொண்ணுக்கு எழுதின கடிதம். போய்ச் சேரல."

"சேராததுனாலதான் சார் இவ்வளவு கூட்டம்" என்றார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் ஈரத்துணியும் பட்டி பூசுகிற தகடும் எடுத்துக்கொண்டு போனேன். காலையில் ஆட்கள் வருவதற்கு முன் ஏணி போட்டு ஏறினேன். மேலே பூசியிருந்த வார்னிஷ் விடவில்லை. நானே பூசியது, மூன்று கை. துணியை வைத்து ஊறவைத்துச் சுரண்டினேன். காவலாளி வந்து ஏணியைப் பிடித்து ஆட்டினார். "இறங்குய்யா, உன் படந்தான்னாலும் இறங்குய்யா." இழுத்த இழுப்பில் தாள் வந்தது. கீழ் மூன்று வரி படத்தோடு போய்விட்டது. தேதியும் அதில்தான் இருந்திருக்கிறது. மீதி நனைந்து பென்சில் கலைந்திருக்கிறது. படத்தைக் கெடுத்ததற்கு என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். இனி எனக்கு அங்கே மட்டுமல்ல, எங்கேயும் சுவர் கிடைக்காது. அதை விடு.

தெருவோரத்தில் நின்று முதல் தடவையாக உன் கடிதத்தை நேராக வைத்துப் படித்தேன். "வராதேன்னு சொன்னது உனக்கு இல்ல, என் தலையெழுத்துக்குச் சொன்னேன், நீ குறுக்க நின்னுட்டே." அதற்குக் கீழே, "பெத்துக்கிட்டு வா. பெத்துக்கிறதுக்கு முன்னாடியே வா." அதற்கு அப்புறம் இல்லை. அந்த மூன்று வரியில் என்ன எழுதியிருந்தாய்?

மெக்கானிக்குகள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். பஸ் பட்டறை பட்டறையாக விசாரித்து நாலாம் நாள் மாப்பிள்ளையைப் பிடித்தேன். அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ரத்த அழுத்தம் ஏறி, காலும் முகமும் வீங்கி, பதினைந்து நாளாகப் படுக்கையில். குழந்தையை முன்னாடியே எடுக்கவேண்டி வரும் என்கிறார்கள். எதற்கும் தலையாட்டுகிறாளாம், தானாகப் பேசுவது மட்டும் இல்லை. டாக்டர் மாப்பிள்ளையிடம், "மருந்து பாதிதான் வேலை செய்யும், அந்தப் பொண்ணு மனசை விட்டுருச்சுப்பா" என்றாராம்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பதும் என் கை என்றேன். தாளைக் கொடுத்தேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, எங்கம்மா எழுத்தைக் கீழருந்து மேல இழுப்பா. தொடங்குற இடத்துல அழுத்தும். அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். முதல்ல வந்த தாள்ல ஒவ்வொரு எழுத்தா தடவிப் பாத்தேன். கீழதான் அழுத்தம். அதனாலதான் நம்பினேன்."

நான் தலைகீழாக வைத்து எழுதியது, அக்கா. நீ தொடங்கிய இடத்திலேயே என் பென்சிலும் தொடங்கியிருக்கிறது.

"அதை நான்தாம்மா எழுதினேன்" என்றேன்.

"அப்ப இதையும் நீங்க எழுதியிருக்கலாமே மாமா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

இனி உன் கையெழுத்தில் என்ன கொண்டுபோனாலும் அது என் கையெழுத்துதான். தாள் உதவாது. நீதான் போகவேண்டும். நான் வந்து மச்சானைத் திருப்புகிறேன். இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் அங்கே இருப்பேன். எத்தனை நாள் ஆனாலும் இருப்பேன். ஆஸ்பத்திரிக்கு வழி இத்துடன் எழுதியிருக்கிறேன்.

*

பிப்ரவரி 28

(கட்டில் தலைமாட்டுல வச்சிருக்கேன், வந்ததும் எடுத்துப் படி)

தம்பி,

நீ வர்றதுக்கு அரை நாள் முன்னாடியே பஸ் ஏறிட்டேன். உன் மூஞ்சியைப் பாத்தா திட்டத் தோணும். திட்ட ஆரம்பிச்சா பஸ்ஸை விட்டுடுவேன். தையல்காரி நீ வர்ற வரைக்கும் இருப்பா. அவகிட்ட உன் படத்தைப் பத்திப் பேசாதே, கத்தரிக்கோல் வச்சிருக்கா.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தோளையும் இடுப்பையும் ஒண்ணாப் பிடி, தோளை மட்டும் இழுத்தா முதுகு முறுக்கிக்கும். முட்டிக்கு நடுவுல மடிச்ச துணி. காது மடங்காம பாரு, நான் ஒரு தடவை மறந்துட்டேன், சிவந்துபோச்சு, சொல்ல வாய் இல்லாம கண்ணுல தண்ணி விட்டாரு. திருப்பினதும் சுவத்துல போடு. இடதுக்குக் கோடு, வலதுக்குச் சுழி. திருப்பின உடனே போடு, அப்புறம் போட்டுக்கலாம்னு விடாதே.

திருப்பும்போது பேசு. கேக்கும். எதைப் பேசுறதுன்னு தெரியலேன்னா எதையாவது திட்டு, அவருக்குப் பிடிக்கும்.

கடைசி மூணு வரி என்னன்னு கேட்டிருந்தே. சொல்ல மாட்டேன். அது உனக்கு எழுதினது இல்ல.

*

மார்ச் 4

அக்கா,

இந்தக் கடிதத்தை நேரா வச்சுத்தான் எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும். முப்பது வருஷமா மத்தவங்க கையை எழுதி எழுதி, என் சொந்தக் கை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. பேசுற மாதிரியே எழுதுறேன். இங்க வந்து நாலு நாளா மச்சான்கிட்ட மட்டும்தான் பேசுறேன், அதுல பழகிருச்சு.

முதல் நாள் ரெண்டு தடவை தப்பாத் திருப்பிட்டேன். தையல்காரி ஜன்னல் வழியா பாத்து, "சாக்கு மூட்டையா அது? மனுஷன்யா"ன்னா. இப்ப பரவால்ல. காது மடங்குறது இல்ல. நேத்து உன் சோடாபுட்டியைப் பத்தித் திட்டிக்கிட்டே திருப்பினேன், மச்சான் வாயோரம் கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அக்கா, அந்தச் சுவரைப் பத்தி எழுதணும். கடிதத்துல சொல்லியிருந்தே, படிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன். கதவோரத்துல ஆரம்பிச்சு ஜன்னலைச் சுத்தி வந்திருக்கு. கோடு, சுழி, கோடு, சுழி. ஒரு இடத்துல கோடு நடுங்கியிருக்கு, உனக்கு அன்னிக்குக் காய்ச்சலா? ஒரு இடத்துல சுவரைக் குத்திக் கிழிச்சிருக்கு. அவ போன நாள்னு நினைக்கிறேன். அன்னிக்கும் ஒண்ணுகூட விட்டுப்போகல. பக்கத்துல பக்கத்துல இருக்கு.

முன்னாடி மாதிரி இருந்தா இந்நேரம் அளவு எடுத்திருப்பேன். எடுக்கல. அதோட கடைசியில நான் போடுற கோடு தனியாத் தெரியுது. உன்னைப் போல போட எனக்குத் தெரியும். போட மாட்டேன்.

ஒரு சேதியும் இல்லையே. தபால்காரர் வர்ற நேரத்துக்கு மச்சானை வலது பக்கமா திருப்பி வைக்கிறேன், அவருக்கு வாசல் தெரியணும்னு. அவ பேசினாளா? பேசலேன்னாலும் பேசலேன்னு எழுது. எதுவும் வராம இருக்கிறது எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து எழுதுறேன். தாள் இல்ல, மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி எழுதுறேன்.

மெக்கானிக்கைப் பாத்தேன். நான் அவனைத் திட்டத்தான் ரெண்டு வருஷமா வார்த்தை சேத்து வச்சிருந்தேன். எண்ணெய்க் கையைச் சட்டையில துடைச்சுக்கிட்டே எந்திரிச்சு நின்னான். "சாப்பிட்டீங்களா அத்தை"ன்னான். சேத்து வச்சது எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. ஒரு வாரமா எனக்கு அவன்தான் சாப்பாடு வாங்கித் தர்றான். உப்பு கம்மியாத்தான் வாங்குறான், சொல்லிக்க முடியல.

வாயாடி என்னைப் பாத்ததும் சுவத்துப் பக்கம் திரும்பிட்டா. முகம் பூசணி மாதிரி வீங்கியிருக்கு, கண்ணு கோடா இருக்கு. என் பொண்ணுன்னு கட்டில் நம்பரை வச்சுத்தான் அடையாளம் கண்டேன். முதல் நாள் பேசல. அந்த வாரம் முழுக்கப் பேசல. நானும் பேசல. ஒரே பக்கமாப் படுத்திருந்தா. ரெண்டு மணி நேரம் ஆனதும் என் கை சும்மா இருக்கல. தோளையும் இடுப்பையும் பிடிச்சு மெதுவாத் திருப்பினேன். தடுக்கல. மறுபடி ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்தப் பக்கம். நர்ஸம்மா பாத்துட்டு, "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது, இவ்வளவு பதமா திருப்புறே"ன்னா. முட்டைன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பா.

இன்னிக்குக் காலையில அழுத்தம் ரொம்ப ஏறிருச்சு. குழந்தையை உடனே எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. படுக்கவச்சுத் தள்ளிட்டுப் போற வண்டி வர்றதுக்குள்ள, வாயாடி தலையணைக்கு அடியில கையை விட்டு ஒரு தாளை எடுத்தா. உன் தாள். நாப்பதும் இருக்கு. மடிச்சு மடிச்சு நாலா கிழிஞ்சு, பின்னாடி பிளாஸ்திரி ஒட்டியிருக்கா. எனக்கு இதைத் தூக்கிப் போடாம ஏண்டி வச்சிருக்கேன்னு கேக்கத் தோணுச்சு. கேக்கல. எனக்கே தெரியும். அவளுக்கு அம்மா எழுத்துன்னு அது ஒண்ணுதானே இருந்துச்சு.

ஒரு பென்சிலை என் கையில குடுத்து, அந்தத் தாள்ல ஓரத்துல இருந்த வெத்திடத்தைக் காட்டினா. எழுதுன்னு வாயால சொல்லல. நான் எதிர்ல உக்காந்திருந்தேன், தாள் எங்களுக்கு நடுவுல. அந்தக் காலத்துல சிலேட்டு இருந்த மாதிரி.

நாப்பதுக்குப் பக்கத்துல என்னத்தை எழுத? வா-ன்னு எழுதினேன். ஒரே எழுத்துதான். கீழ ஆரம்பிச்சு மேல இழுத்தேன். அவ தாளைப் பாக்கல. என் கையையே பாத்துக்கிட்டிருந்தா, அது எங்க தொடங்குது, எப்படிப் போகுதுன்னு. முடிச்சதும் என் கை முட்டியில விரலால ஒரு தட்டு தட்டினா.

"இன்னும் தலைகீழாத்தாம்மா எழுதுறே."

அவ்வளவுதான் சொன்னா. ஊதிவிட நேரம் இல்ல, வண்டி வந்துருச்சு. தாளை உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு நர்ஸம்மா வாங்கி என்கிட்ட குடுத்துட்டா.

கூட்டிட்டுப் போய் ரொம்ப நேரம் ஆச்சு. ஒரு தடவை கதவு திறந்து யாரோ ரத்தம் ரத்தம்னு கத்திக்கிட்டு ஓடினாங்க. மெக்கானிக் பின்னாடியே ஓடினான். அப்புறம் கதவு திறக்கல. உள்ள ஏதாவது சத்தம் வருதான்னு நான் கதவுல காதை வச்சுப் பாத்தேன். இன்னும் வரல. உக்காரும்மான்னு சொன்னாங்க. உக்காந்து உனக்கு எழுதுறேன், எழுதினா கை நடுங்காதுன்னு.

உன் கடுதாசி நேத்து கிடைச்சது. எழுத்து கோணல்தான். படிக்க முடிஞ்சது.

எனக்கு ஒரு வேலை செய். வராந்தா கடிகாரத்துல மணி பாத்துட்டேன். இன்னிக்கு இந்நேரம் உன் மச்சானுக்கு இடது பக்கம். இந்தக் கடுதாசி உன் கைக்கு வர்றப்ப எந்தப் பக்கமோ தெரியாது. எந்தப் பக்கமா இருந்தாலும் திருப்பிட்டு, சுவத்துல போட்டுட்டு, அப்புறம் அவர் காதுல சொல்லு. வாயாடி பேசிட்டான்னு சொல்லு. மத்ததை நான் கதவு திறந்ததும் எழுதுறேன்.

அக்கா